சோளத்தக்கை பற்றிய அவசரக் கூட்டம்

வந்திருந்தோர்:

தோன்யா காசில்டா, கோச்சபம்பா பெரிய சந்தையில் இறைச்சிக் கூடத்துக்குப் பின்வரிசையில் அவித்த சோளம் விற்பவர். அவருடைய நாய் மந்திரி. மந்திரியின் குடலுக்குள் மணி உதிர்ந்த சோளத்தக்கை ஒன்று. பேராசிரியர் அனிபால் உர்கீதி, அறுவைத் துறைத் தலைவர். அவர் கடைசியாகக் கத்தி எடுத்தது எந்த ஆண்டு என்பது தெரியவில்லை. டாக்டர் சிமேனா, அன்றைய பணி மருத்துவர். விளாடிமிர், மாணவர் தலைவர், ஐந்தாம் ஆண்டைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவர், கையில் ஒலிபெருக்கி. கால்நடை மருத்துவப் புலத்தின் மன்றம், ஆசிரியர் பாதி, மாணவர் பாதி. சால்தேன்யா விற்கும் பெண், நடுவில் வந்து போனார். இரவுக் காவலாளி.

வராதோர்: பகல் காவலாளி.

பகல் காவலாளி வராததால்தான் நான் வீட்டுக்குப் போகவில்லை. இதே புலத்தில் மூன்றாம் ஆண்டு வரை படித்திருக்கிறேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். நான் விட்டு வெகுகாலம் கழித்து நடந்தது இது. இருந்தாலும் கேட்டவர்கள் யாரும் மறுபடி கேட்டதில்லை.

எங்கள் நாட்டில் அரசுப் பல்கலைக்கழகத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் சரிபாதியாக ஆள்கிறார்கள். அதற்காகப் பலர் அடிவாங்கினார்கள், சிலர் செத்தார்கள். எனவே அதைக் கேலி பேசக் கூடாது. நான் பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். முதலில் பாடத்திட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். பிறகு சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கு. பிறகு ஒரு பசு ஈனுவதற்கு ஓட்டுப் போட்டார்கள். பசு முடிவுக்குக் காத்திராமல் ஈன்றுவிட்டது, அதற்குக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் எங்கள் மருத்துவமனையில் இரண்டு டாக்டர்களுக்கு இரண்டு கருத்து இருந்தால் மன்றம் கூடித்தான் நோயைத் தீர்மானிக்கும்.

இதெல்லாம் தோன்யா காசில்டாவுக்குத் தெரியாது. காலையில் கடை திறக்காமல், கடைப் பூட்டையும் சங்கிலியையும் பையில் போட்டுக்கொண்டு, நாயைக் கம்பளித் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு வந்தார். கனமான நாய். தின்பதும் தூங்குவதும் தவிர வேறு எதுவும் செய்ததில்லை என்பதால் சந்தைக்காரர்கள் அதற்கு மந்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"தக்கைய முழுங்கிட்டான்," என்றார் என்னிடம். "ரெண்டு நாளா எது போட்டாலும் கக்குறான். வெளிக்கும் போகல. எங்க தெருவுல ஒரு டாக்டர் இருக்கான். நகம் வெட்டுவான், குளிப்பாட்டுவான், வாலுக்கு ரிப்பன் கட்டுவான். வயித்தக் கிழிக்கணும்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னுட்டான். யார்கிட்ட சொல்லணும் தம்பி?"

"எல்லார்கிட்டயும் சொல்லணும்கா," என்றேன்.

நான் நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் விதி. நோயாளியை முதலாம் ஆண்டு மாணவர்களிலிருந்து வரிசையாகக் காட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டினரும் தாங்கள் படித்ததை மட்டும் கேட்கலாம்.

முதலாம் ஆண்டினர் மந்திரியைச் சூழ்ந்து விலா எலும்புகளை எண்ணினார்கள். ஒருவனுக்குக் கணக்கு குறைந்தது. மறுபடி எண்ணினார்கள்.

"எலும்பெல்லாம் சரியா இருக்கும்மா. கவலப்படாதீங்க."

"எலும்புக்கு என்ன கேடு? தக்கைய முழுங்கிட்டான். குடல்ல நிக்குது."

"குடல் அடுத்த வருஷம்மா."

இரண்டாம் ஆண்டினருக்குக் குடல் தெரிந்திருந்தது. அதன் அடுக்குகளைப் பெயர் சொல்லி ஒப்பித்தார்கள், ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது நன்றாக இருக்கும் குடல். அடைத்துக்கொண்ட குடலுக்கு மூன்றாம் ஆண்டிடம் போக வேண்டும். மூன்றாம் ஆண்டில் புழுக்களைப் படிப்பார்கள். நான் விட்ட இடமும் அதுதான்.

"மலம் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டான் ஒருவன்.

"அது வந்தா நான் ஏன்டா இங்க வரேன்?"

அவன் 'மாதிரி தர உரிமையாளர் மறுப்பு' என்று எழுதிக்கொண்டான்.

நான்காம் ஆண்டினர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். தாழ்வாரத்தின் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்து அனுப்பினால்தான் ஐந்தாம் ஆண்டுக்குப் போக முடியும். வேலைநிறுத்தத்தில் இருப்பதால் பார்க்க முடியாது. எதை எதிர்த்து நிறுத்தம் என்று தோன்யா காசில்டா கேட்டார். அவர்களுக்குள்ளேயே அதில் இரண்டு கட்சி இருந்தது.

"இதுக்குப் பேரு மறியலா?" என்றார் அவர், நாயை முதுகில் ஏற்றிக்கொண்டே. "நாங்க சந்தைச் சங்கத்துக்காக மூணு வாரம் நெடுஞ்சாலைய மறிச்சோம். ராணுவ வண்டியே திரும்பிப் போச்சு. நீங்க என்னடான்னா மெத்த போட்டு உக்காந்திருக்கீங்க. ஒரு டயராவது எரியுதா? கால மடக்குங்கடா."

மடக்கினார்கள். அவர் போன பிறகு ஒருவன் என்னிடம் வந்து பழைய டயர் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

ஐந்தாம் ஆண்டு வகுப்போடு பேராசிரியர் உர்கீதி நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டு, அதன் பையில் தங்க மூடி போட்ட பேனா. கோட்டில் ஒரு ரோமம்கூட இல்லை. மேசையில் கிடந்த மந்திரியை எட்டி நின்று பார்த்தார்.

"என்ன நோய்? யாராவது சொல்லுங்க."

ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "சோளத்தக்கை முழுங்கியிருக்கு சார்."

"எப்படித் தெரியும்?"

"அந்தம்மா சொன்னாங்க."

உர்கீதி கண்ணை மூடித் திறந்தார். "உரிமையாளர் சொல்றதக் கேக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? அவங்க பதிலச் சொல்லிடுவாங்க. அப்புறம் நீங்க என்னத்த யோசிப்பீங்க? பதில் தெரியாம இருக்கறதுதான் கல்வி. எல்லாரும் இப்ப கேட்டத மறந்துட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிங்க."

அவர்கள் மறந்துவிட்டு ஆரம்பித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து மந்திரியின் வயிற்றை அமுக்கினார்கள். மந்திரி முதலில் முனகியது. பிறகு அதையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நுரையீரல் என்றான் ஒருவன். மனநிலை என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் டாக்டர் சிமேனா வந்தார். யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு கையை நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்து மெல்ல நகர்த்தினார். கை ஓரிடத்தில் நின்றது.

"இங்க இருக்கு. விரல் கனம், விறைப்பா. சார், இப்பவே திறக்கணும். இன்னைக்குத் திறந்தா பொழச்சுக்கும். நாளைக்குன்னா குடல் கிழிஞ்சிடும். அப்புறம் திறந்து புண்ணியமில்ல."

"வியாழக்கிழமை," என்றார் உர்கீதி.

"வியாழக்கிழமை என்ன?"

"செய்முறைத் தேர்வு. அடைப்பு கேள்வி வருது. நமக்கு அடைப்புள்ள விலங்கு கிடைக்கிறதே அபூர்வம் டாக்டர். போன வருஷம் ரப்பர் நாய வச்சு ஒப்பேத்தினோம். இப்ப தானா ஒண்ணு வந்திருக்கு. அதத் திறந்து காலி பண்ணச் சொல்றீங்களே."

தோன்யா காசில்டா அவர் முகத்தையே பார்த்தார். "ஐயா, அவன் வியாழக்கிழம வரைக்கும் இருக்க மாட்டான்."

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க அம்மா. குணமாக்கறது யார் வேணும்னாலும் செய்யலாம். வெளியில போர்டு மாட்டினவன் அதத்தான் செய்றான். நாங்க கத்துக்குடுக்கறோம். இருபது வருஷமா என் கையில ஒரு விலங்கும் செத்ததில்ல. ஏன்னா நான் கையே வைக்கறதில்ல. அதுக்குப் பேருதான் ஒழுக்கம்."

"நாளைக்குச் செத்துட்டா?"

"அதுவும் பாடம்தானே."

இரண்டு டாக்டர்களுக்கு இரண்டு கருத்து ஏற்பட்டுவிட்டது. எனவே மன்றம் கூடியது.

மன்றக் கூடத்தின் கதவு இரட்டைக் கதவு, பழைய தேவதாரு மரம். வெளிப்பக்கத்துப் பித்தளைக் கைப்பிடிகள் இரண்டின் உள்வளைவும் தேய்ந்து பளபளக்கும். எத்தனையோ முறை மாணவர்களும் ஊழியர்களும் கட்டடத்தைப் பிடித்தபோது சங்கிலி போட்டுப் பூட்டிய தேய்மானம் அது. எங்கள் பல்கலைக்கழகத்தில் கோரிக்கை என்றால் கடைசியில் ஒரு கதவைப் பூட்டுவதுதான். புலத்துக் கணக்கில் சுண்ணாம்புக் கட்டியைவிடச் சங்கிலி அதிகம் செலவானதாகச் சொல்வார்கள்.

உரிமையாளர் மன்றத்தில் உட்காரலாம், அழலாம், பேசக் கூடாது. தோன்யா காசில்டா உட்கார்ந்தார். மந்திரி அறுவைக் கூடத்தில் டாக்டர் சிமேனாவிடம் இருந்தது. நான் கதவருகே நின்றேன்.

விளாடிமிர் ஒலிபெருக்கியை எடுத்தான். அடுத்த நாற்காலிக்காரரின் காதுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். அந்தக் கருவி இல்லாமல் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"தோழர்களே. வயித்தத் திறக்கறதா வேண்டாமாங்கறது கேள்வி இல்ல. அதுக்குள்ள போனா நாம பேராசிரியர்களோட வலையில விழுந்துடுவோம். யார் திறக்கறதுன்னு யார் முடிவு பண்றதுங்கறதுதான் கேள்வி. இந்த நாய் மக்களோட நாய். சந்தையோட நாய். அதோட வேதனைய எங்க முன்னணி முழு மனசோட ஆதரிக்குது."

"வேதனையவா ஆதரிக்கறீங்க?" என்றார் ஓர் ஆசிரியர்.

"வேதனையோட போராட்டத்த."

எதிர் முன்னணிப் பெண் எழுந்து, தாங்கள் ஆட்சியில் இருந்தபோது ஒரு நாயும் தக்கை விழுங்கவில்லை என்றாள். கைதட்டினார்கள். உர்கீதி எழுந்து, மன்றம் என்ன முடிவெடுத்தாலும் கட்டுப்படுவேன், ஆனால் அது வியாழக்கிழமைக்கு முந்தைய முடிவாக இருக்கக் கூடாது என்றார். ஓட்டெடுத்தார்கள். சரிபாதி. சரிபாதி வந்தால் அந்தச் சமநிலை உடையும்வரை விவாதம், விவாதம் முடியும்வரை விலங்கை யாரும் தொடக் கூடாது.

அதற்குள் சால்தேன்யா வேளை வந்தது. எங்கள் ஊரில் முற்பகலில் சால்தேன்யா தின்னாமல் எந்தக் கூட்டமும் நடந்ததில்லை. கூடைக்காரப் பெண் உள்ளே வந்தார். எல்லோரும் அந்த இறைச்சிப் பணியாரத்தின் முனையைக் கடித்துச் சாற்றை உறிஞ்சினார்கள். சாறு சிந்தாமல் தின்பவர்தான் நாகரிகமானவர். எனவே கொஞ்ச நேரம் அந்தக் கூடத்தில் உண்மையான கவனம் இருந்தது.

தோன்யா காசில்டா எழுந்தார்.

"அங்க ஒரு உசிரு ரெண்டு நாளா பச்சத் தண்ணி இறங்காமக் கிடக்குது. நீங்க சாறு ஒழுகாம திங்கறதுக்கு இவ்வளவு பாடு படறீங்க. கையத் தூக்கத் தெரியுதே, அந்தக் கைய அவன் வயித்துல வச்சுப் பார்க்க ஒருத்தருக்கும் தெரியலையா?"

பேசியதற்காக அவரை வெளியேற்றத் தீர்மானம் வந்தது. அன்று ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

அறுவைக் கூடத்தில் சிமேனா நாயின் அருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கருவிகள் கொதிக்கவைத்துத் தயாராக இருந்தன. தோன்யா காசில்டா போய் மந்திரியின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாயின் மூக்கு காய்ந்து கிடந்தது.

"நீங்களே செஞ்சுடுங்க டாக்டரம்மா."

"கத்தியத் தொட்டா நாளைக்கு எனக்கு வேல இல்ல. இங்க நான் தனியா முடிவெடுக்க முடிஞ்சது ஒரே ஒரு தடவதான். போன வருஷம் கட்டடத்தப் பிடிச்சாங்கல்ல, அப்ப. பூட்டிட்டா அதிகாரிங்க யாரும் கிடையாது, உள்ள இருக்கற விலங்குங்க பட்டினியாச் சாகக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. பூட்டு திறக்கற வரைக்கும் பணி மருத்துவர் பார்த்துக்கலாம். ரெண்டு வாரம். ஆறு ஆபரேஷன். எல்லாம் பொழச்சுது." சிமேனா சிரித்தார். "டாக்டரா இருந்தது அந்த ரெண்டு வாரம்தான்."

"யார் பிடிக்கணும்?"

"யாராவது ஒரு சங்கம்."

தோன்யா காசில்டா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கூடைக்காரப் பெண் காலிக் கூடையோடு மன்றக் கூடத்திலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார். கதவு தானாக மூடியது. தோன்யா காசில்டா சங்கிலியை இரண்டு கைப்பிடிகளிலும் சுற்றி, கடைப் பூட்டைப் போட்டார். உள்ளங்கையில் அடங்காத பூட்டு. நெடுஞ்சாலை மறித்த கை என்பதால் சங்கிலி துளிகூடச் சத்தம் போடவில்லை.

என்னைப் பார்த்தார். "நீ காவலாளிதானே?"

"இரவுக் காவலாளிக்கா. இப்ப பகல்."

தலையாட்டிவிட்டு அறுவைக் கூடத்துக்குத் திரும்பினார்.

"டாக்டரம்மா, கட்டடத்தப் பிடிச்சாச்சு."

"யாரு?"

"அவிச்ச சோளம் விக்கறவங்க சங்கம், பின்வரிசைக் கிளை."

"எத்தன பேரு வந்திருக்காங்க?"

"நான் வந்திருக்கேன். மத்தவங்களுக்கு யாவாரம் இருக்குல்ல."

சிமேனா எழுந்து போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார்.

உதவிக்கு மாணவர் யாரும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உள்ளே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் டயர் தேடப் போயிருந்தார்கள். விளக்கை நான் பிடித்தேன். கால்களைத் தோன்யா காசில்டா பிடித்தார். குடலை வெளியே எடுத்தபோது ஓரிடம் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. இன்னும் கருக்கவில்லை என்றார் சிமேனா. கீறினார். தக்கை முழுசாக வந்தது, நாயின் பல் பதிந்த தடத்தோடு. அதைத் தட்டில் போட்ட சத்தம்தான் நான் இந்தக் கட்டடத்தில் கேட்ட ஒரே தெளிவான பதில்.

சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கி ஓயவே இல்லை. தையல் போடும்போது விளாடிமிர் தக்கைக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் உள்ள உறவைச் சொல்லிக்கொண்டிருந்தான். தாங்கள் பூட்டப்பட்டது அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எவரும் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை.

"ரெண்டு நாள் இங்கயே இருக்கணும்," என்றார் சிமேனா, ஊசியை வைத்துவிட்டு. "நரம்பு வழியா மருந்து ஏறணும். இப்ப தூக்கிட்டுப் போனா தையல் விட்டுடும்."

உள்ளே கைதட்டல் கேட்டது. கூட்டம் முடிகிற கைதட்டல். தோன்யா காசில்டா போய்ப் பூட்டைத் திறந்து சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டார். உர்கீதி முதலில் வெளியே வந்தார், முகமெல்லாம் வெற்றி.

"அம்மா, நல்ல செய்தி. ஒரு துணைக்குழு போட்டிருக்கோம். அது விலங்க நேர்ல போய்ப் பார்த்து, அது இருக்கான்னு உறுதிப்படுத்தும்."

துணைக்குழு வந்து பார்த்தது. விலங்கு இருந்தது. வயிற்றில் தையல் இருந்தது. தட்டில் தக்கை இருந்தது.

"யாரோட உத்தரவு?" என்றார் உர்கீதி.

"கட்டடத்தப் பிடிச்சிருந்தாங்க சார்," என்றார் சிமேனா. "சட்டப்படி நான் பார்த்துக்கிட்டேன்."

"எப்ப பிடிச்சாங்க?"

"சால்தேன்யா முடிஞ்சதுலேர்ந்து."

உர்கீதிக்கு முகம் வாடிவிட்டது. "எங்களப் பூட்டி வச்சிருந்தீங்களா? ஒரு வார்த்த சொல்லலையே."

விளாடிமிருக்கு அதைவிட வருத்தம். "மாணவர் சங்கத்தோட ஒப்புதல் இல்லாம ஒரு பிடிப்பா? ஒரு முழக்கம் இல்ல, ஒரு பதாக இல்ல. தோழர், இது பிடிப்பே இல்ல. வெறுமன பூட்டினது. செல்லாது."

"கரெக்ட்," என்றார் உர்கீதி. அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அப்போதுதான். "பிடிப்பு செல்லாதுன்னா ஆபரேஷனும் செல்லாது. ஆபரேஷன் செல்லாதுன்னா சட்டப்படி தக்கை இன்னும் உள்ளதான் இருக்கு."

"தட்டுல கிடக்குதே ஐயா," என்றார் தோன்யா காசில்டா.

"அது வெறும் பௌதிக நெலம. நான் சட்ட நெலமயச் சொல்றேன். விலங்க மன்றத்துல ஒப்படைச்சப்ப இருந்த நெலமைக்குத் திரும்பக் கொண்டு வரணும். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு."

சிமேனா நாய்க்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். மந்திரி மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கியது. மூக்கு ஈரமாகியிருந்தது.

"திரும்ப உள்ள வைக்கணும்ங்கறீங்க," என்றார் தோன்யா காசில்டா நிதானமாக.

"கொள்கையளவுல."

"செய்யுங்க ஐயா. ஆனா இவ்வளவு பெரிய காரியத்த இப்படி நின்னுக்கிட்டே முடிவு பண்ணலாமா? இதுக்குத் தீர்மானம் வேணாமா?"

உர்கீதி அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருபது ஆண்டுகளில் பொதுமக்களில் ஒருவர் நடைமுறையைப் புரிந்துகொண்டது இதுவே முதல் முறை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா?" என்றார் மாணவர்களிடம். "சோளம் விக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?"

"அவசரக் கூட்டம்னா ரெண்டு நாள்."

"நல்லாப் பேசுங்க. அவசரமே இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். விளாடிமிர் ஒலிபெருக்கியின் மின்கலத்தைத் தட்டிப் பார்த்தான். கூடைக்காரப் பெண்ணை ஜன்னல் பக்கமாக வரச் சொல்ல முடியுமா என்று தோன்யா காசில்டா என்னிடம் கேட்டார். முடியும் என்றேன். ஆசிரியர் பாதி, மாணவர் பாதி, வரிசையாக உள்ளே போனார்கள். பேராசிரியர் உர்கீதி கடைசியாகப் போனார். வாசலில் நின்று, கதவைச் சாத்திவிடுங்கள், வெளிச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்.

தோன்யா காசில்டா கதவைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, பூட்டைப் போட்டார்.